புதுப்பிப்பு: கேன்வாஸில் நிறம் ஊறாத சிக்கல் தீர்ந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மதுரையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் போல நிறத்தை ஊறவிட்டு வரையக் கற்றுத் தருகிறேன், நீர்த்த அக்ரிலிக் வண்ணம் ஊறாமல் மேலேயே குளம் கட்டி நிற்கிறது, என்ன செய்வது? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘கடைக் கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியிருக்கும், அது நிறத்தை ஊறவிடாது, காடாத் துணிக்கு மாறுங்கள்’ என்ற யோசனைதான் பலித்தது. 1952இல் ஃபிராங்கென்தாலர் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தை வரைந்ததும் பூச்சில்லாத துணியில்தான். அவர் ஊற்றியது டர்பன்டைனில் கரைத்த எண்ணெய் வண்ணம். எண்ணெய் நாளடைவில் துணியை அரித்துவிடும் என்பதால் நாங்கள் அக்ரிலிக்கை விடவில்லை.

விளக்குத்தூண் பக்கம் காடா வாங்கினோம். முதல் துண்டிலும் நிறம் ஊறவில்லை. காரணம், துணியில் இருந்த கஞ்சி. வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசி, ஈரத்தோடு விரித்து, ஒரு பங்கு வண்ணத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினோம். நீலம் நூலிழை வழியே மெல்லப் பரவியது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

எதிர்பாராதது நம்ம ஊர் வெயில். மதியம் ஊற்றினால் ஓரம் சட்டென்று காய்ந்து கோடு விழுகிறது. சரி என்று வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றி, மின்விசிறியையும் நிறுத்தினோம். அடியில் பாலித்தீன் விரிக்காதீர்கள், தண்ணீர் தேங்கி நிறம் கலங்கும். பழைய வேட்டி போதும்.

அப்புறம் ஒரு மாணவி, “சுங்குடி மாதிரி இதிலும் முடிச்சுப் போடலாமா மிஸ்?” என்றாள். போட்டோம். காய்ந்தபின் அவிழ்த்தால், நீலத்தின் நடுவே சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள்.