கொரோனா ரெண்டாவது அலைல தப்பு யார் மேல, டெல்லியா ஜனங்களா?

ஈரோட்டு எலி:
சித்தப்பாகூட ஒரே வாக்குவாதம். 2021ல அவ்ளோ பேர் செத்ததுக்கு ஜனங்கதான் காரணமாம், மாஸ்க் போட மாட்டேங்குறான், கல்யாணம் காதுகுத்துனு கூட்டம் சேக்குறான், டெல்லில இருக்கறவங்க என்ன பண்ணுவாங்கனு கேக்குறாரு. என்ன பதில் சொல்றதுனு தெரியல, ஆனா மனசு ஒப்பல. நீங்க சொல்லுங்க.

மாடவீதி வாத்தியார்:
தம்பி, ஜனங்க பேச்ச கேக்கலனு சொல்லவே முடியாது. 2020 மார்ச் 22 கைதட்ட சொன்னாங்க, தட்டுனோம் (எங்க தெருல ஒருத்தர் தட்டுல அடிச்ச அடில கரண்டி வளைஞ்சே போச்சு), ஏப்ரல் 5 விளக்கேத்த சொன்னாங்க, ஏத்துனோம். அதே பிரதமர்தான் 2021 ஜனவரி 28 டாவோஸ் மாநாட்டுல கொரோனாவ கட்டுப்படுத்தி உலகத்தயே காப்பாத்திட்டோம்ங்கற மாதிரி பேசுனாரு. மார்ச்ல சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன், கடைசி கட்டத்துக்கு வந்துட்டோம்னாரு. ஏப்ரல் 17, தினசரி கேஸ் 2 லட்சத்த தாண்டிருச்சு, அன்னிக்கு மேற்கு வங்கத்துல அசன்சோல் தேர்தல் கூட்டத்துல இவ்ளோ கூட்டத்த பாத்ததே இல்லனு பிரதமர் பூரிச்சுப் போறாரு. இத டிவில பாக்கறவன் மாஸ்க்க கழட்டாம என்ன செய்வான்?

மதுரைக்காரன்:
டெல்லிய மட்டும் திட்டிட்டு போயிட முடியாதுண்ணே. ஏப்ரல் 6 நம்ம ஓட்டுப்பதிவு, அதுக்கு முன்னாடி எந்தப் பெரிய கட்சி கூட்டம் போடாம இருந்துச்சு? ஹைகோர்ட் தேர்தல் கமிஷன வறுத்தெடுத்தது ஏப்ரல் 26, எல்லாம் முடிஞ்சப்புறம். மே 10 ஊரடங்குனு முன்னாடியே சொன்னாங்க, என்னாச்சு, டாஸ்மாக் வாசல்ல திருவிழா. அதுக்காக 2020 மார்ச் 24 மாதிரி ராத்திரி 8 மணிக்கு வந்து 12 மணிலருந்து எல்லாம் மூடுனு சொல்றதும் சரினு சொல்லல, அதனாலதான பீகார் உபி ஆளுங்க குழந்தைய தோள்ல போட்டுட்டு நடந்தே போனாங்க.

கியூல நின்னவன்:
பழி போடுறவங்க கீழ்ப்பாக்கத்துல ரெம்டெசிவிர்ங்கற கொரோனா மருந்துக்கு நின்ன வரிசைய பாத்திருக்கணும். மச்சானுக்காக நின்னேன். ஆதார் ஜெராக்ஸ், டாக்டர் சீட்டு, சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டு எல்லாத்தயும் கவர்ல போட்டு நெஞ்சோட புடிச்சுகிட்டு, வேர்வைல மாஸ்க் நனைஞ்சு மூஞ்சில ஒட்டுது, ஒரு அடி இடைவெளி விட்டா நடுவுல ஒருத்தர் பூந்துடுவாரு. இத்தனைக்கும் அந்த மருந்த பரிந்துரைக்கலனு உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்லயே சொல்லிடுச்சு. கைதட்ட சொல்ல டிவில வந்த மாதிரி இத சொல்ல யாராச்சும் வந்தாங்களா? எழுதிக் குடுத்த தனியார் ஆஸ்பத்திரியும் வாயே தொறக்கல.

மாடவீதி வாத்தியார்:
தடுப்பூசியும் இதே கதைதான். மே 1லருந்து 18 வயசுக்கு மேல எல்லாருக்கும்னு அறிவிச்சுட்டு செலவ மாநிலங்க தலைல கட்டுனாங்க, ஒரே கோவிஷீல்டு ஊசி, மத்திய அரசுக்கு 150 ரூபா, மாநிலத்துக்கு 300, தனியாருக்கு 600. சுப்ரீம் கோர்ட் கேள்வி மேல கேள்வி கேட்டப்புறம் ஜூன் 7தான் மத்திய அரசே வாங்கித் தரும்னு பிரதமர் அறிவிச்சாரு. ஊசிக்கு பயந்தவங்க இருந்தாங்க, இல்லங்கல. ஆனா போட வந்தவன 'ஸ்டாக் இல்ல'னு கேட்லயே திருப்பி அனுப்புனதும் அதே சமயம்தான்.