கார்பன் ஃபைபர் ராக்கெட்டில் வால்சிறகு கழன்றது: பசையின் குறையா, வடிவமைப்பின் குறையா?

வினா:
வணக்கம். கலிபோர்னியாவில் வசிக்கிறேன். பொழுதுபோக்காக ஏவும் உயர்திறன் ராக்கெட்டுக்கான முதல் நிலைச் சான்றிதழை அட்டைக்குழாய் ராக்கெட் ஒன்றைப் பறக்கவிட்டுப் பெற்றேன். இரண்டாம் நிலைச் சான்றிதழுக்காக, 54 மி.மீ. விட்டமுள்ள ஜே திறன்வகை மோட்டார் நேரடியாக உள்ளே பொருந்தும்படி, கார்பன் ஃபைபர் குழாயை நானே சுற்றிச் செய்தேன். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியை மூன்று சுற்று சுற்றியதில், ஒரு மீட்டர் குழாய் 180 கிராம்தான் வந்தது. கடையில் கிடைக்கும் கண்ணாடியிழைக் குழாய் அதே நீளத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி நிற்கும்.

இங்குள்ள லூசெர்ன் வறண்ட ஏரிப் பாலைவெளியில் ஏவியபோது, மோட்டார் எரிந்துகொண்டிருக்கையிலேயே மூன்று சிறகுகளில் ஒன்று கழன்று, ராக்கெட் கரணமடித்து விழுந்தது. சிறகு 2 மி.மீ. கார்பன் தகடு; வேகத்தில் அது படபடத்து அதிர்ந்திருக்கும் என்று கருதி, தகட்டின் தடிமனைக் கூட்டலாம் என்றிருக்கிறேன். எடை கூடுவதுதான் தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி 1:
தடிமனைக் கூட்டுவதற்கு முன், கழன்ற சிறகை எடுத்துப் பாருங்கள். படபடப்பால் போயிருந்தால் பெரும்பாலும் தகடே முறிந்திருக்கும் அல்லது அடுக்குகள் பிரிந்திருக்கும். சிறகு முழுதாக இருந்தால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் எபாக்சி ஃபில்லெட்டின் (சிறகும் குழாயும் சேரும் மூலையில் பூசிய பசை வரம்பின்) உட்புறம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே கரிய நார்கள் பிய்ந்து ஒட்டியிருக்கின்றனவா, இல்லை வழவழப்பாக இருக்கிறதா?

வினா எழுப்பியவர்:
சிறகில் ஒரு கீறல்கூட இல்லை. ஃபில்லெட்டின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: குழாயின் மினுக்கம் கெட்டுவிடக் கூடாதென்று, ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் பேருக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அதன்பின் அசிட்டோனால் துடைத்தேன். சிறகைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க ஐந்து நிமிட எபாக்சியைப் பயன்படுத்தினேன்.

மறுமொழி 1:
பசை குழாயைப் பிடிக்கவே இல்லை என்பதற்கு அந்தப் பளபளப்பே சாட்சி. வரிசையும் தவறு. குழாயின் மேல் மெழுகோ எண்ணெய்ப்பசையோ இருக்கும்போது தேய்த்தால், அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். ஆகவே முதலில் துடைத்து, பிறகு மினுக்கம் முழுவதும் மறையும்வரை 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் துடைக்க வேண்டும். தேய்ப்பது மேலுள்ள பிசினை மட்டுமே. துணியின் நார் அறுபடக் கூடாது. கடைசியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: முத்துப்போல் உருண்டு நின்றால் அழுக்கு இன்னும் போகவில்லை, படலமாகப் பரவினால் ஒட்டலாம். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால், நீர் தொட்டுத் தேய்ப்பதும் நல்ல முகமூடி அணிவதும் கட்டாயம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது முழுவதும் சரி, ஆனால் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சிகள் பல, 50–60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கிவிடும். ஐந்து நிமிட எபாக்சி இன்னும் மோசம். பாலைவன வெயிலில் ஏவுதளக் கம்பியில் காத்திருக்கும் கறுப்புக் குழாய் எவ்வளவு சுடும் என்பதைக் கை வைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். பிசின் தயாரிப்பாளர் தரும் அட்டவணைப்படி, வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, பசையை மறுபடி இறுக வையுங்கள். அதற்குச் சமையலறை ஓவன் (சூட்டடுப்பு) வேண்டாம். தெர்மாமீட்டர் வைத்த தனிப்பெட்டி போதும். குழாய் நீள்வட்டமாகிவிடாதிருக்க உள்ளே இணைப்புக்குழாயை (ராக்கெட்டின் இரு பகுதிகளைச் சேர்க்க உள்ளே பொருந்தும் குழாயை) செருகி வையுங்கள்.

தகட்டைத் தடிமனாக்குவதற்குப் பதில், ஒரு சிறகின் நுனியிலிருந்து குழாயின் மேலாக அடுத்த சிறகின் நுனிவரை கார்பன் துணியை இரண்டு அடுக்கு போர்த்துங்கள். சாதாரண அளவுள்ள சிறகுகளுக்குப் பிசினோடு சேர்த்து 40 கிராம்தான் கூடும்.

மறுமொழி 3:
எடைதான் கவலை என்றால், கண்ணாடியிழை மூக்குக் கூம்புக்குப் பதிலாகக் கார்பன் கூம்பையே செய்துவிடலாமே?

மறுமொழி 2:
ஜிபிஎஸ் கருவி உள்ளே இருந்தால் கூடாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால் வானொலி அலைகளை மறைத்துவிடும். நாலு கிராம் மிச்சப்படுத்தப் போய் ராக்கெட்டையே பாலைவனத்தில் தொலைக்க நேரும்.

வினா எழுப்பியவர் (மூன்று வாரங்களுக்குப் பின்):
விழுந்த குழாயை நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தபோது, அடிப்பகுதியில் நான்கு விரல் அகலத்துக்கு ஓசை மந்தமாக ஒலித்தது. அடுக்குகள் பிரிந்திருப்பதால் அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் சுற்றினேன். அதில் ஒட்டுவதற்கு முன், பழைய குழாயின் நல்ல பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, நீர்த்துளி பரவும்வரை தேய்த்து, ஒரு சிறகை ஒட்டி, வெப்பத்தில் இறுக்கி, பிறகு குறடால் முறித்துப் பார்த்தேன். இம்முறை ஃபில்லெட்டோடு குழாயின் கரிய நார்களும் பிய்ந்து வந்தன.