ஏடிஎஃப்16வி8 சிப்பில் ஸ்டெப்பர் டிரைவர்: மின்சாரம் கொடுத்ததும் நான்கு காயிலும் ஒன்றாக இயங்குவது ஏன்?

அரைப்படி:

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் இருந்து கழற்றிய ஆறு கம்பி ஸ்டெப்பர் மோட்டார். ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி. நடுக்கம்பிக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையே 30 ஓம் காட்டுகிறது. பிசிபி துளையிடும் சிறு மேசையை இதை வைத்து நகர்த்தப் போகிறேன். கடையில் கிடைக்கும் டிரைவர் போர்டு வேண்டாம், லாஜிக்கை நானே எழுத வேண்டும் என்பதுதான் ஆசை. ஏடிஎஃப்16வி8பி (லாஜிக்கை நாமே எழுதி ஏற்றும் சிப்) ஒன்று, காயில்களை இயக்கும் சுவிட்சாக ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் நான்கு, 12 வோல்ட் 1 ஆம்பியர் பவர் சப்ளை. நான்கு காயிலுக்கும் நான்கு ரிஜிஸ்டர் (0 அல்லது 1-ஐ நினைவில் வைக்கும் இடம்) வைத்து, 1100 என்ற வடிவம் வட்டமாக நகரும்படி வின்கப்பிள் மென்பொருளில் எழுதினேன். ஸ்டெப் துடிப்பு பிசி817 ஆப்டோகப்ளர் (சமிக்ஞையை ஒளி வழியாகக் கடத்தும் சிப்) வழியாக, 10 கிலோ ஓம் புல்-அப்புடன், நேராக 1-ஆம் காலுக்கு, அதாவது கிளாக் உள்ளீட்டுக்கு, வருகிறது.

சிக்கல் இரண்டு. முதலாவது: மின்சாரம் கொடுத்தவுடன் பவர் சப்ளை திணறுகிறது, 12 வோல்ட் எட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பினால் பிடிமானமே இல்லாமல் தளர்வாகச் சுழல்கிறது. எத்தனை துடிப்பு அனுப்பினாலும் அதே நிலைதான். ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே ஒரு துடிப்பு அனுப்பினால் சரியாகிறது.

இரண்டாவது: ஓடத் தொடங்கிய பிறகு, 200 துடிப்பு அனுப்பினால் ஷாஃப்ட்டில் போட்ட கோடு பழைய இடத்துக்கு வராமல் ஒன்றிரண்டு ஸ்டெப் தாண்டிப் போய் நிற்கிறது.

இதே வகையில் பெரிய சிப்பான 22வி10-க்கு மாறினால் இரண்டும் தீருமா? அதில் தனி ரீசெட் வசதி இருக்கிறது என்று படித்தேன்.

சால்டர்புகை:

எதற்கு இந்தப் பாடு? ஏ4988 டிரைவர் போர்டு மிக மலிவு. நடுக்கம்பிகள் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்கை இணைத்தால் உங்கள் மோட்டார் அதிலேயே ஓடும். மைக்ரோஸ்டெப்பும் (ஒரு ஸ்டெப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) கிடைக்கும், மின்னோட்டக் கட்டுப்பாடும் கிடைக்கும்.

ஊசிமுனை:

சால்டர்புகை சொல்வது தவறில்லை. மேசை நகர்ந்தால் போதும் என்றால் அதையே வாங்குங்கள். ஆனால் கேட்டவர் லாஜிக்கை நானே எழுத வேண்டும் என்கிறார். அவருக்குப் போர்டு வாங்கச் சொல்வது பதில் ஆகாது. எம்பிராய்டரி மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். இந்த வகைச் சிப்புகள் இருக்கும் பலகைகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. லாட்டிஸ் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ஜிஏஎல் லாஜிக் சிப் குடும்பத்தின் வாரிசுதான் உங்கள் கையில் இருப்பது.

ஷாஃப்ட் தளர்வாக இருக்கிறது, ஆனால் மின்னோட்டம் எகிறுகிறது என்று எழுதினீர்களே, அந்த வரியிலேயே முதல் சிக்கலுக்கு விடை இருக்கிறது. ஆறு கம்பி மோட்டாரில் நடுக்கம்பிக்கு இருபுறமும் உள்ள பாதிகள் எதிரெதிர்த் திசையில் காந்தப்புலம் உண்டாக்கும். இரண்டும் ஒன்றாக இயங்கினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; பிடிமானம் இருக்காது. மின்னோட்டம் மட்டும் வழக்கமான 0.8 ஆம்பியருக்குப் பதில் 1.6 கேட்கும். உங்கள் சப்ளை எப்படித் தாங்கும்?

நான்கும் ஒன்றாக ஏன் இயங்குகின்றன? 16வி8-இல் மின்சாரம் வந்தவுடன் ரிஜிஸ்டர்கள் எல்லாம் பூஜ்யமாகின்றன. ரிஜிஸ்டருக்கும் காலுக்கும் நடுவே ஓர் இன்வெர்ட்டர் (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் கேட்) இருக்கிறது. ஆகவே ரிஜிஸ்டர் வைத்த கால்கள் அத்தனையும் தொடக்கத்தில் உயர் நிலையில் நிற்கும். நீங்கள் துருவத்தை எப்படி எழுதினாலும் இது மாறாது. சிப்பின் தரவேட்டிலேயே (டேட்டாஷீட்) இருக்கிறது, எல்லோரும் தாண்டிப் போகும் பக்கத்தில். 1111-ஐ வட்டமாகச் சுற்றினால் 1111-தானே வரும்? ரீசெட்டும் சமன்பாட்டுக்குள் எழுதப்பட்டது என்பதால் கிளாக் துடிப்பு வந்தால்தான் வேலை செய்யும்.

22வி10 வேண்டாம். ரிஜிஸ்டரைக் குறையுங்கள். முழு ஸ்டெப்புக்கு நான்கு நிலைதான், கியூ0, கியூ1 என்று இரண்டு ரிஜிஸ்டர் போதும் (& என்றால் 'மற்றும்', # என்றால் 'அல்லது', ! என்றால் எதிர்நிலை; .டி என்பது அடுத்த துடிப்பில் வரும் மதிப்பு):

கியூ0.டி = திசை & !கியூ1 # !திசை & கியூ1
கியூ1.டி = திசை & கியூ0 # !திசை & !கியூ0

முதல் காயில் கியூ0, மூன்றாவது !கியூ0. இரண்டாவது கியூ1, நான்காவது !கியூ1. எதிர்க் காயில்கள் இரண்டும் ரிஜிஸ்டர் இல்லாத சாதாரண வெளியீடுகளாக இருக்கட்டும். இப்போது இரண்டு பாதிகளும் ஒன்றாக இயங்க வழியே இல்லை. தொடக்கத்தில் வரும் 11-உம் முறையான ஒரு நிலைதான். ரீசெட் பட்டனையும் கழற்றிவிடலாம். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் இரண்டு பெருக்கல் உறுப்புதான் (& சேர்த்த ஒரு தொகுதி) செலவு. சிப் எட்டு தருகிறது.

இரண்டாவது சிக்கல் வேறு. சுமை தாங்காமல் மோட்டார் நழுவினால் அது நான்கு ஸ்டெப்பின் மடங்காகத்தான் நழுவும், அதாவது 7.2 டிகிரி, ஏனென்றால் காயில் வரிசை நான்குக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. உங்களுக்கு ஒன்றிரண்டு ஸ்டெப், அதுவும் முன்னால் தாண்டுகிறது. மோட்டாரை நோண்ட வேண்டாம். சிப்தான் கூடுதலாக எண்ணியிருக்கிறது.

பிசி817-ஐ 10 கிலோ ஓமில் வைத்தால் துடிப்பின் ஏறுமுகம் பல மைக்ரோசெகண்ட் இழுக்கும். உங்கள் சிப்போ நானோசெகண்டில் வேலை செய்கிறது. அந்தச் சரிவு நடுநிலையைக் கடக்கும்போது கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் ஒரு துடிப்பு இரண்டாக எண்ணப்படும். நடுவே 74எச்சி14 ஒன்றைப் போடுங்கள். மெதுவான சரிவையும் ஒரே தெளிவான மாற்றமாக எடுக்கும் அதன் ஷ்மிட் டிரிகர் உள்ளீடு இந்த வேலைக்குத்தான் இருக்கிறது. அது சமிக்ஞையைத் தலைகீழாக்கும்; இரண்டு கேட்டை வரிசையாக இணைத்தால் பழையபடி வரும். மலிவான சிப், ஆறு கேட் இருக்கிறது.

சால்டர்புகை:

ஒன்று சேர்க்கிறேன். 16வி8-இன் உயர் நிலைக்குத் தரவேடு உறுதியளிப்பது 2.4 வோல்ட்தான். ஐஆர்எல்இசட்44என் முழுதாகத் திறக்க 4 வோல்ட்டாவது கேட்கும். 0.4 ஆம்பியருக்கு இப்போது சூடு தெரியாது. பெரிய மோட்டார் மாட்டினால் தெரியும். நடுவே 74எச்சிடி244 பஃபர் சிப் ஒன்றை வைத்துவிடுங்கள்.

அரைப்படி:

சமன்பாட்டை மாற்றி எழுதிவிட்டேன். சப்ளை இப்போது 12-இலேயே நிற்கிறது. ஷாஃப்ட்டைத் திருப்ப விரல் வலிக்கிறது. 74எச்சி14 நாளைதான் கைக்கு வரும். அரை ஸ்டெப் வேண்டுமென்றால் இதே சிப்பில் முடியுமா, ஊசிமுனை ஐயா?

ஊசிமுனை:

முடியும். எட்டு நிலைக்கு மூன்று ரிஜிஸ்டர், கிரே குறியீட்டில் (ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் ஒரே ஒரு பிட் மாறும் முறை) வைத்தால் எட்டுமே முறையான நிலைகள்தான்; மாட்டிக்கொள்ளும் நிலை என்று ஒன்று கிடையாது. காயில்களுக்கு நான்கு வெளியீடு. மொத்தம் ஏழு, சிப்பில் இருப்பது எட்டு. இந்த முறை எட்டு நிலைகளையும் தாளில் எழுதி, தொடக்கத்தில் வரும் 111 எந்தக் காயிலை இயக்கும் என்று பார்த்துக்கொண்டு சிப்பில் ஏற்றுங்கள்.

பிற்பாடு எல்298 பாலத்துக்கு (எச்-பிரிட்ஜ் டிரைவர் சிப்) போனால் அரை ஸ்டெப்பில் காயிலை அணைக்க இரண்டு எனேபிள் கோடும் கூடுதலாக வேண்டியிருக்கும், ஒன்பதாகிவிடும். அன்றைக்கு 22வி10 வாங்கிக்கொள்ளலாம்.