பொருள்: பழைய பங்களா விவகாரம், மாடியில் ஆட்டம் வேண்டாம்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பழைய பங்களாவைக் கலைக்கூடம் ஆக்குவதா, இடித்துவிட்டுக் கடை வளாகம் கட்டுவதா என்று உள்ளாட்சி மன்றத்தில் நடக்கிற இழுபறி இப்போது நம் குழுவுக்குள்ளும் வந்து, இங்கேயும் கட்சி பிரிந்துவிட்டது. "இடிச்சா பெரிசா கட்டலாமே" என்கிறார் துபாய் அண்ணன். மலையில் அது நடக்காது. நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் எழுப்ப விடமாட்டார்கள். பொக்லைன் இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இடித்த பிறகு இப்போதிருக்கும் பரப்பாவது மிஞ்சுமா என்பதே சந்தேகம். இடிப்புக் கட்சியை இதோடு விட்டுவிடுகிறேன்.

எனக்குச் சண்டை கலைக்கூடக் கட்சியிடம்தான். மாடிக் கூடத்தில் ஆட்டமும் கச்சேரியும், கீழே அலுவலகமும் நூலகமும் என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். வீட்டு மாடியைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும் கணக்கில் போடுவார்கள். நாற்காலி பதிக்காத அரங்குக்கு 500 கிலோ தாங்க வேண்டும் என்கிறது கட்டடச் சுமைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 875. அந்த மரத்தளம் ஒரு குடும்பம் குடியிருக்கப் போட்டது. அதிலும் நம் மலையின் படுகர் மக்கள் ஆடும் ஆட்டம் வட்டமாக நின்று ஒரே தாளத்தில் காலை வைப்பது. நாற்பது பேர் சேர்ந்து அடி வைத்தால் எடையை விட அந்த அதிர்வுதான் பெரிய கேடு. உத்தரம் முறியாவிட்டாலும் கீழ்க்கூரைப் பூச்சு உதிரும், ஆணிகள் தளரும்.

அப்படியானால் நூலகத்தை மேலே போடலாம் என்று டொரண்டோ தங்கச்சி எழுதியிருக்கிறார். அது இன்னும் மோசம்மா. ஆள் உயரத்துக்கு மேல் புத்தக அலமாரி வரிசையாக நிற்கும் அறைக்குச் சதுர மீட்டருக்கு 600 கிலோ கேட்கிறது அதே தரம். மாடியில் பாட்டு வகுப்பு, தோடர் பழங்குடியினரின் துணிப் பூவேலைக் கண்காட்சி, சின்ன அலுவலகம், அவ்வளவுதான். கோத்தகிரி பக்கத்துக் கன்னேரிமுக்கில் வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் 1819இல் கட்டிய வீட்டைச் சீர்செய்து நினைவகம் ஆக்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே நாலைந்து பேராக வந்து படம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆடுவதில்லை.

கீழ்க் கூடத்திலும் கணக்கு உண்டு. உட்காரும் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் என்பது விதி. 30-க்கு 20 அடிக் கூடமென்றால் சுமார் 85 பேர், மேடைக்கு இடம் விட்டால் இன்னும் குறையும். வாசல் 2 மீட்டர் அகலத்தில், கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். இப்போதிருப்பது உள்பக்கம் திறக்கும் ஒற்றைக் கதவு. முகப்பை உடைக்காமல் பின்சுவரில் புதிய வாசல் வைப்பதே நல்லது. பழங்காலக் கட்டடங்களைக் காக்கும் 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் ஏறினால் முகப்பில் கை வைப்பது லேசான காரியமல்ல. பொதுக் கட்டட உரிமத்தைத் தாசில்தாரிடம் வாங்க வேண்டும், அதற்குக் கட்டட உறுதிச் சான்றும் கேட்பார்கள். திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டு இதற்கு அலைவதுதான் வழக்கம்!

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைக்கான செலவு மதிப்பீட்டில் "சிமென்ட் பூச்சு, எமல்ஷன் இரண்டு கோட்" என்றிருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை இழுத்து, வெயிலில் விடும். சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு மழைக்காலத்தில் தரையிலிருந்து மூன்றடிக்கு உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டும். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரமாவது தொட்டியில் தண்ணீருக்குள் ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து அரைத்து, அரை அங்குலக் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். ஈரச் சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். உறைபனியில் பூசினால் பூச்சு பொடிந்துவிடும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை கனமானது. ஆகவே பிப்ரவரியில் தொடங்கிக் கோடை மழைக்குள் முடிக்க வேண்டிய வேலை இது. ஒப்பந்தப்புள்ளியை ஆகஸ்டில் திறந்தால் ஒரு வருடம் போச்சு.

பணம். அரசும் ஊரும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும். 60 லட்சம் என்றால் நம் பங்கு 20 லட்சம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வங்கி வழியாகத் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சங்கத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் இல்லாமல் சங்கம் அதைத் தொடக்கூடாது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பங்களாவைக் குத்தகைக்கு எடுப்பதில் 11 மாத ஒப்பந்தத்தை நம்பி யாரும் பணம் போடாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தே ஆக வேண்டும். கூரையும் மழைநீர்க் குழாயும் யார் பொறுப்பு என்பது அந்தப் பத்திரத்தில் இருக்கட்டும். அதற்கும் முன்னால், இடம் உள்ளாட்சியின் பேரில் இருக்கிறதா வருவாய்த் துறையின் பேரில் இருக்கிறதா என்று நில அளவைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். வருவாய்த் துறையுடையது என்றால் மன்றத் தீர்மானம் வெறும் காகிதம்.

ஏப்ரலில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோங்கள். மாடி உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில், முக்கியமாக மழைநீர்க் குழாய் அடைத்துக்கிடக்கும் வடகிழக்கு மூலையில், குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை உளுத்துவிட்டது. எந்த உத்தரம், எத்தனை என்று குறித்து, படத்தோடு இங்கே அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லி மன்றத்துக்கு எழுதலாம்.