எம்.டி.எஃப் ஸ்பீக்கர் பெட்டியில் பெயிண்டுக்கு மேல் தெரியும் இணைப்புக் கோடு

கேள்வி:
வணக்கம். ஆறரை அங்குல ஊஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஓர் அங்குல ட்வீட்டரும் (கீச்சொலிக்கான ஸ்பீக்கர்) பொருத்துவதற்காக, 18 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த) பலகையில் சுமார் 17 லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டு பெட்டிகள் செய்து, பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, கறுப்பு டியூக்கோ பெயிண்ட் ஸ்ப்ரே செய்தேன். கோடையில் கண்ணாடிபோல் இருந்த பரப்பில், மழைக்காலம் முடிந்ததும் பலகைகள் சேரும் இடமெங்கும் மயிரிழை அளவு மேடு தெரிகிறது. நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறது. ஒட்டு விடவில்லை, காற்றும் கசியவில்லை. மறுபடியும் பட்டி பார்த்தால் போதுமா, ஒட்டுப்பலகைக்கு மாற வேண்டுமா?

பதில் 1:
பட்டி பார்ப்பதால் பயனில்லை. எம்.டி.எஃப் ஈரத்தை ஏற்கும்போது நீள அகலத்தில் மிகக் குறைவாகவும் கனத்தில் அதிகமாகவும் உப்பும். உங்கள் பெட்டியில் ஒரு பலகையின் பரப்பும் மற்றதன் வெட்டுமுகமும் ஒரே மட்டத்தில் சேர்கின்றன. முதலாவது கனத்தில் உப்பும்போது மற்றது நீளவாக்கில் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால், பெயிண்டின் கீழே ஒரு படி உருவாகிவிடுகிறது. 45 டிகிரியில் சீவிச் சேர்த்தால் இணைப்பு மூலையிலேயே விழுவதால் பரப்பில் கோடு வராது. புதிதாகச் செய்வோர் வெட்டுமுகங்களுக்கும் பெட்டியின் உட்புறத்துக்கும் சேர்த்துச் சீலர் (ஈரம் புகாமல் தடுக்கும் பூச்சு) பூசுவது நல்லது. பலரும் உட்புறத்தை விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2:
ஒட்டுப்பலகைக்கு மாறினாலும் பளபளப்புக் கறுப்பு எதையும் மறைக்காது என்பதே என் கருத்து. பி.பி.சி. 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஸ்பீக்கரின் பெட்டி 12 மி.மீ. பிர்ச் ஒட்டுப்பலகையால் ஆனது; அதற்கும் மேலே வெனீர்தான் (மெல்லிய மரத் தகடு) ஒட்டினார்கள். வெனீரின் இழையோட்டம் சிறு மேடுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். அதை ஒட்டுவதற்குக் கான்டாக்ட் பசையை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் மேலே அடிக்கும் தின்னர் கலந்த பூச்சு உள்ளே இறங்கினால் கொப்புளம் எழலாம். சற்றே நீர் கலந்த வெள்ளை மரப்பசையைப் பலகையிலும் வெனீரிலும் பூசி, பால் நிறம் மறைந்து தொட்டால் ஒட்டாத நிலைக்கு உலரவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி இஸ்திரிப் பெட்டியால் மெல்ல அழுத்தி, சூடு தணியும்வரை மரக்கட்டையால் தேய்த்துக்கொண்டே இருங்கள். சூட்டில் வெனீர் சுருங்கும் என்பதால் சுற்றிலும் 10 மி.மீ. கூடுதலாக விட்டு ஒட்டி, பிறகு கூரான பிளேடால் நறுக்க வேண்டும். 240 எண் உப்புத்தாளை இழையோட்டத்தின் போக்கிலேயே தேய்ப்பது போதும். வெனீர் மெல்லியது, மூலைகளில் சட்டென்று பலகை தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போதுள்ள பெயிண்டின் மேலேயே வெனீர் ஒட்டலாமா? பெட்டியின் கொள்ளளவு மாறிவிடுமா?

பதில் 2:
வெளியே ஒட்டுவதால் கொள்ளளவு மாறாது. ஆனால் பெயிண்டின் மேல் இந்தப் பசை பிடிக்காது. பலகை தெரியும்வரை தேய்த்தெடுக்க வேண்டும். அதற்கு முன் ஊஃபரையும் ட்வீட்டரையும் கழற்றிவிடுங்கள், எம்.டி.எஃப் தூள் கூம்புக்குள் போனால் எடுப்பது கடினம். நீங்களும் முகக்கவசம் அணிய வேண்டும்.

பதில் 1:
அவ்வளவு வேலை வேண்டாம் என்றால், இணைப்பின் மேலேயே ரௌட்டரால் (மரத்தில் காடி வெட்டும் மின்கருவி) 2 மி.மீ. ஆழத்துக்கு நேரான காடி இழுத்து, அதில் சீலர் பூசி, மறுபடி பெயிண்ட் அடிக்கலாம். அதன் பிறகு பலகைகள் தம் விருப்பப்படி அசைந்தாலும், கோடு வேண்டுமென்றே போட்டதாகத்தான் தெரியும்.