பேச்சிப்பாறை, சிற்றாறு பக்கம் எளிய சைக்கிள் பயணம்: வழி சொல்லுங்கள்

வடசேரிவாசி (கேள்வி):
நாகர்கோவில் வடசேரியிலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளிடம் 24 அங்குலச் சக்கரம் கொண்ட கியர் சைக்கிள் இருக்கிறது. சங்குத்துறை வரை சமதரையில் ஓட்டிப் போய் வருவது அவளுக்குச் சலித்துவிட்டது; காட்டோரமாகத் தண்ணீர் தெரியும் இடத்துக்குப் போகலாம் என்கிறாள். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைச் சைக்கிளில் முழுதாகச் சுற்றி வர முடியுமா? முடியாதென்றால், கடுமையான ஏற்றம் இல்லாமல் அரை நாளில் முடித்துவிடக்கூடிய வேறு வழி எது, எந்த மாதம் ஏற்றது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குலசேகரத்தான்:
சுற்றி வர முடியாது. நீர்த்தேக்கத்தின் ஒரு பக்கமாக மோதிரமலை வழியே கோதையாற்றுக்குப் பேருந்து போகும் சாலை இருக்கிறது. ஆனால் தச்சமலை, தோட்டமலை போன்ற காணிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்கு, அங்கே குடியிருப்பவர்களே தண்ணீரைப் படகில் கடந்துதான் போய் வருகிறார்கள். அதற்கு மேலே இருப்பது காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். கோதையாற்றுச் சாலையிலும் யானை குறுக்கிடுவது உண்டு என்பதால், அந்தச் சாலையை மகளோடு போகும் முதல் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

சுற்று என்ற ஆசையை விட்டுவிட்டால் உங்களுக்குப் பொருத்தமானது சிற்றாறு. சைக்கிள்களைக் காரில் ஏற்றிக் களியல் வரை வந்து, அங்கிருந்து கடையாலுமூடு வழியாக மிதித்தால் சிற்றாறு 1, சிற்றாறு 2 என்ற இரு அணைகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம். பெருஞ்சாணி அணையின் முழு நீர்மட்டம் 77 அடி, பேச்சிப்பாறைக்கு 48 அடி, சிற்றாறு அணைகளுக்கு வெறும் 18 அடி. அதனால் அங்கே தண்ணீர் ஆழமாக நிற்பதைவிட அகலமாகப் பரந்து, நடுவே திட்டுகள் தெரிய, ரப்பர் தோட்டங்களுக்கு இடையே ஏரியைப்போல் கிடக்கிறது. பாதையில் சிறு சிறு மேடும் இறக்கமும் மாறி மாறி வருமே தவிர, மூச்சு முட்டும் ஏற்றம் கிடையாது. அரசு ரப்பர் கழகத்தின் தோட்டத்துக்குள் பிரியும் மண்பாதைகள் மவுண்டன் பைக்குக்கு அருமையானவை. ஆனால் கேட்டுக்கொண்டு இறங்குவதே முறை.

ரப்பர் காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் காய் வெடித்து, புள்ளி விழுந்த வழவழப்பான கொட்டைகள் சருகுக்கு அடியில் கிடக்கும். முன்சக்கரம் அவற்றின்மேல் ஏறிய நொடியில் கோலிக்குண்டை மிதித்ததுபோல் வழுக்கிவிடும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, வளைவில் முன் பிரேக்கைத் தொடாமல் போவது நல்லது. பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியுமுன்பே வேலைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுடைய இருசக்கர வாகனங்கள் எதிரே வரக்கூடும் என்பதால் மணியும் முன்விளக்கும் அவசியம்.

கால்வாய்க்கரையார்:
குலசேகரத்து நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்கு இந்த மாவட்டத்தில் சாலையைவிட நல்லது கால்வாய்க்கரை. பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைச் சொல்கிறேன். தண்ணீர் தானாக ஓட வேண்டும், கரையை அரிக்கவும் கூடாது என்பதற்காக, கால்வாயை மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டியே வளைத்து வளைத்து வெட்டியிருப்பார்கள். அதனால் சாலை ஏறி இறங்கும் இடத்தில்கூடக் கரையில் ஏற்றம் இருப்பதே மிதிப்பவருக்குத் தெரியாது. பேச்சிப்பாறைத் தண்ணீரைப் புத்தன் அணைக்குக் கொண்டுவரும் கோதையாறு இடதுகரைக் கால்வாய் அப்படிப்பட்டது. அந்த அணைக்கு மேலே பெருஞ்சாணியையும் பார்த்துக்கொள்ளலாம். மட்டம் தவறாமல் தண்ணீரைக் கொண்டுபோவதற்காகத்தான், 1966ஆம் ஆண்டு மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே தொட்டிப்பாலமே கட்ட வேண்டியிருந்தது.

கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல் சாகுபடிக்காக வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். தண்ணீர் ஓடும்போது மகளைக் கரையில் ஓட்ட விடாதீர்கள். கரையில் தடுப்பு கிடையாது. பக்கச்சுவரில் பாசி பிடித்திருப்பதால் விழுந்தவர் பிடித்து ஏற இடமிருக்காது. மார்ச் மாதத்துக்குப் பிறகு, கால்வாய் வறண்டு கிடக்கும்போது, மடைகளும் கரை உடைந்த இடங்களும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

மலையோரன்:
அண்ணாச்சி சொல்லும் மாதங்களில் கரை பாதுகாப்பானதுதான், ஆனால் அப்போது அணைகளில் தண்ணீர் இறங்கிச் சேற்றுப்பரப்பு வெளியே தெரியும். அதோடு ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குமேல் இடியோடு கோடைமழை இறங்கிவிடும். தண்ணீரைப் பார்ப்பதுதான் குழந்தையின் ஆசை என்றால் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் சிறந்தவை என்பது என் கருத்து. துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து அணைகள் நிறைந்திருக்கும், அட்டைக்கடியும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கரையைத் தவிர்த்துச் சிற்றாற்றுச் சாலையிலேயே போங்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் மண்பாதைப் பக்கமே போக வேண்டாம்.

வடசேரிவாசி:
மூவருக்கும் நன்றி. ஜனவரியில் சிற்றாறு, பள்ளி முழுஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு வறண்ட கால்வாய்க்கரை என்று வைத்துக்கொள்கிறேன். சிற்றாற்றுப் பக்கம் பஞ்சர் ஒட்டக் கடை உண்டா?

குலசேகரத்தான்:
களியல் சந்திப்பைத் தாண்டிவிட்டால் அதை நம்ப வேண்டாம். 24 அங்குல டியூப் ஒன்றையும் கைப்பம்பையும் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். குலசேகரத்துக் கடைகளில் பெரியவர் சைக்கிள் டியூப் கிடைக்கும், அந்த அளவு கிடைப்பது அரிது.