மான் கொம்பு முனையில் சில்லு பெயர்க்கும் கருவி: பிடி எப்படிப் போடுவது?

சுங்கை சிப்புட் தம்பி: அண்ணே, பாட்டில் அடிக்கண்ணாடியின் விளிம்பை அழுத்திச் சில்லு சில்லாகப் பெயர்த்து அம்பு முனை செய்து பழகுகிறேன். பண்ணை மான் உதிர்த்த கொம்புத் துண்டு கிடைத்திருக்கிறது, கித்தா (ரப்பர்) மரத்தில் பிடி போட்டால் தாங்குமா?

கட்டைவேலை: தாங்கும், ஆனால் நன்றாகக் காய்ந்த கட்டையாக எடுங்கள், பச்சை மரம் பிறகு வெடித்துவிடும். கொம்பில் நுனிதான் கெட்டி, உள்ளே போகப் போக பஞ்சு மாதிரி இருக்கும், அதனால் நுனியை மட்டும் விரல் நீளத்துக்கு அறுத்து, பிடியில் துளை போட்டு எப்பாக்சி பசை விட்டுச் செருகி, மேலே நைலான் கயிற்றை இறுக்கிச் சுற்றுங்கள். ஊசியாகச் சீவ வேண்டாம், மழுங்கிய பென்சில் முனை போதும். தேயத் தேய அரத்தால் உருட்டிக்கொள்ளலாம்.

லயத்து வாத்தியார்: பிடியை விடுங்கள், கண்ணாடி விளிம்பைக் கரடுக் கல்லில் தேய்க்கிறீர்களா? தேய்க்காவிட்டால் ஓரம் நொறுங்குமே தவிர சில்லு ஓடாது. கொம்பு முனையால் முதலில் உள்நோக்கி அழுத்தி, அப்புறம் கீழே திருப்புங்கள். உள்ளங்கையில் தடித்த தோல் துண்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிள்ளைகள் வெறுங்காலில் ஓடும் வாசலில் தயவுசெய்து வேண்டாம்லா.

சுங்கை சிப்புட் தம்பி: சரிண்ணே. லெங்கோங் பக்கத்துக் கல்லில் செய்யலாமா?

கட்டைவேலை: லெங்கோங்கில் உள்ள கோத்தா தம்பானில் கிடைத்த கற்காலக் கருவிகள் குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறையின் கூழாங்கல்லை அடித்து உடைத்தவை. கொம்பால் அழுத்தினால் அது அசையாது. அதோடு அங்கே 2012 முதல் உலகப் பாரம்பரிய இடம், கல் பொறுக்கப் போகாதீர்கள்.